ஐரோப்பியப் பேருந்துச் சுற்றுலாவின் முதல் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் விமானம் ஏறி, வளைகுடா நகரம் ஒன்றில் மாறி, பாரிஸின் சார்ல்ஸ் து கோல் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நாற்பது ஐம்பது பேர் ஒரே பேருந்தில் பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று சுற்றிவருவது நம் ஊர்க் குழுக்களுக்குப் பழக்கமான வழி. அந்தப் பயணத்தின் முதல் நாளைப் பற்றிப் புறப்படுவதற்கு முன்பு பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. லண்டனில் தொடங்கும் சுற்றுலாக்களும் உண்டு. அவற்றுக்குப் பிரிட்டனின் தனி விசா தேவை என்பதையும், அங்கே வாகனங்கள் நம் ஊரைப் போலச் சாலையின் இடப்பக்கம் ஓடும் என்பதையும் தவிர, கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

முதல் நாளில் உண்மையில் எவ்வளவு ஊர் பார்க்க முடியும்?

விளம்பரத் தாளில் முதல் நாள் என்று அச்சிட்டிருப்பதில் பாதி நேரம் விமான நிலையத்திலும் சாலையிலும் கழியும் என்று எண்ணிக்கொள்வதே நல்லது. காலை எட்டு மணிக்கு விமானம் தரையிறங்கினால், குடிவரவுச் சோதனையும் பெட்டிகளும் முடிந்து, குழுவில் கடைசி ஆள் வெளியே வந்து சேரப் பத்து மணி ஆகிவிடும். சார்ல்ஸ் து கோல் நிலையம் நகரத்துக்கு வடகிழக்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தொலைவு குறைவுதான் என்றாலும், காலை நெரிசலில் ஏ1 நெடுஞ்சாலையும் பாரிஸைச் சுற்றி ஓடும் 35 கிலோமீட்டர் வட்டச் சாலையும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அந்த வட்டச் சாலையில் வேக வரம்பு 2024 அக்டோபர் முதல் மணிக்கு 50 கிலோமீட்டர். ஆகவே ஒரு நகர வலம், ஒரு வேளை உணவு, மாலையில் ஒரே ஒரு பெரிய காட்சி என்பதுதான் முதல் நாளின் நியாயமான அளவு. அதற்கு மேல் மூன்று நான்கு இடங்களை அடுக்கியிருக்கும் நிகழ்ச்சி நிரலில், பல இடங்கள் பேருந்துச் சன்னல் வழியாகக் காட்டப்படுபவை என்று பொருள். 'பார்வையிடல்' என்று எழுதியிருக்கிறதா, 'கடந்து செல்லல்' என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

குடிவரவுச் சோதனையில் என்ன கேட்பார்கள்?

தமக்குள் வழக்கமான எல்லைச் சோதனை இல்லாமல் இணைந்த ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதிக்குள் நீங்கள் முதலில் எந்த நாட்டில் கால் வைக்கிறீர்களோ அங்கேதான் சோதனை நடக்கும். துபாய் அல்லது தோஹா வழியாக வந்தால் பாரிஸிலும், ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வந்தால் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் நடக்கும். பின்னதில், இணைப்பு விமானத்துக்கு இடையிலுள்ள நேரத்திலேயே அந்த வரிசையில் நின்று முடிக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் கடவுச்சீட்டில் முத்திரை குத்தும் பழைய முறை படிப்படியாக விலக்கப்பட்டு, நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதியும் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. விசா வாங்கும்போதே கைரேகை தந்திருப்பதால், நம்மவர்களுக்கு அங்கே முகத்தைப் படம் எடுத்து, கைரேகையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை.

கேள்விகள் எளிமையானவை: எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள், எப்போது திரும்புவீர்கள். "குழுவோடு சுற்றுலா வந்திருக்கிறேன்" என்ற ஒரு வாக்கியமும், விடுதிகளின் பட்டியலும், திரும்பும் விமானச் சீட்டும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்பீட்டின் நகலும் கையில் இருந்தால் போதும். இவற்றைக் குடும்பத் தலைவர் ஒருவரே மொத்தமாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தை இந்த ஒரு நாளாவது கைவிட வேண்டும். வரிசைகள் பிரிக்கப்படும்போது மாமியார் ஒரு சாளரத்திலும் காகிதங்கள் இன்னொரு சாளரத்திலும் நிற்க நேரும்.

என்னென்ன உணவுப் பொருட்களைக் கொண்டு வரலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருட்களையும் கொண்டு வரத் தடை உள்ளது. பாட்டிலில் அடைத்த நெய், பனீர், பால்கோவா ஆகியவை இதில் அடங்கும். கருவாடு மீன் வகை என்பதால் அதற்கு விதி வேறு என்றாலும், அடுத்த பத்து நாட்களுக்கு அந்தப் பேருந்தில் உங்களோடு ஐம்பது பேர் மூச்சு விட வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான பால்மாவுக்கு அளவோடு விலக்கு உண்டு. புதிய காய்கறி, பழம், கறிவேப்பிலைக் கொத்து போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை ஆகியவற்றுக்கு அது தேவையில்லை. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், முறுக்கு, கடலை மிட்டாய் ஆகியவற்றைத் தயங்காமல் கொண்டு வரலாம். ஆளுக்கு 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கம் வைத்திருந்தால் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பெட்டி வந்து சேரவில்லை என்றால் குழு எனக்காகக் காத்திருக்குமா?

புகார் பதிவு செய்யும் வரை காத்திருக்கும். பெட்டி கிடைக்கும் வரை காத்திருக்காது. பெட்டிகள் வரும் கூடத்தை விட்டு வெளியேறுவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் முகப்பில் புகார் எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். வெளியே வந்த பிறகு திரும்ப உள்ளே போவது கடினம். இங்கே பேருந்துச் சுற்றுலாவுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்டி இரண்டு நாள் கழித்துப் பாரிஸ் விடுதிக்கு வந்து சேரும்போது நீங்கள் ஆம்ஸ்டர்டாமில் இருப்பீர்கள். அது ஆம்ஸ்டர்டாமுக்கு வரும்போது ஜெர்மனியின் கொலோன் நகரைத் தாண்டியிருப்பீர்கள். ஆகவே ஒரே முகவரியைத் தராமல், எந்தத் தேதியில் எந்த விடுதி என்ற முழுப் பட்டியலையும் புகாரோடு இணையுங்கள். தாமதமாக வந்த பெட்டிக்கான இழப்பீட்டை, அது கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்று மான்ட்ரியல் உடன்படிக்கை கூறுகிறது; இடையில் வாங்கிய துணிமணிக்கும் பற்பசைக்கும் உரிய ரசீதுகளை அதற்காகச் சேர்த்து வையுங்கள்.

ஒரு மாற்றுடையும், பத்து நாளைக்கான மருந்தும், மருத்துவர் சீட்டும், மூக்குக் கண்ணாடியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். மற்றவை வந்தபோது வரட்டும்.

காலையிலேயே வந்துவிட்டோம், அறைக்குப் போய்க் குளித்துவிட்டுக் கிளம்பலாமா?

பெரும்பாலும் முடியாது. ஐரோப்பிய விடுதிகளில் அறை பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். முந்தைய இரவு தங்கிய குழு அன்று காலைதான் காலி செய்திருக்கும், இருபத்தைந்து அறைகளை ஒன்றாகத் துடைத்துத் தர வேண்டும். முன்கூட்டியே அறை வேண்டுமென்றால் முந்தைய இரவுக்கும் வாடகை தர வேண்டியிருக்கும், அது உங்கள் கட்டணத்தில் சேர்ந்திருக்காது. அதனால்தான் டூர் மேனேஜர் உங்களை நேராக நகர வலத்துக்கு அழைத்துப் போகிறார். இதைக் கொடுமையாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் அறை கிடைத்திருந்தால் பாதிப் பேர் படுத்து உறங்கி, மாலையில் எழுப்ப எழுப்ப எழாமல், இரவு முழுதும் விழித்திருப்பார்கள். பல் துலக்கி முகம் கழுவும் வேலையை விமான நிலையக் கழிப்பறையிலேயே முடித்துக்கொள்வது உத்தமம்.

பேருந்தில் யாருக்கு எந்த இருக்கை?

வழக்கமான சுற்றுலாப் பேருந்தில் 49 முதல் 53 இருக்கைகள் இருக்கும். முதல் வரிசைக்கு ஆசைப்படாதவர் இல்லை என்பதால், நல்ல டூர் மேனேஜர்கள் நாள்தோறும் இருக்கைகளைச் சுழற்சி முறையில் மாற்றுவார்கள். முதல் நாள் மட்டும் ஏறியவர் ஏறிய இடம் என்று விட்டுவிடுவதும் உண்டு. பேருந்து ஓடத் தொடங்கியதும் வயிற்றைப் புரட்டும் என்பவர்கள் அதை ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் முன்பக்கம் இடம் கிடைக்கும். பிறகு ஆல்ப்ஸ் மலையில் சொன்னால் யாரோ ஒருவர் மனம் கோணித்தான் எழுந்து கொடுப்பார்.

வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் ஓடும் நாடுகள் இவை என்பதால் பேருந்தின் கதவுகள் வலப்பக்கம் இருக்கும். சாலையைக் கடக்கும்போது வாகனம் முதலில் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வரும். பழக்கத்தில் நாம் வலப்பக்கம் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைத்துவிடுவோம். உறக்கம் கலையாத முதல் நாளில்தான் இந்த ஆபத்து மிகுதி.

இருக்கைப் பட்டை கட்டாயமா?

கட்டாயம். பட்டை பொருத்தப்பட்ட பேருந்தில் பயணிகள் அதை அணிய வேண்டும் என்பது 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான விதி. பிரான்சில் அணியாதவருக்கு 135 யூரோ அபராதம். அதைப் பயணிதான் கட்ட வேண்டும், ஓட்டுநரோ நிறுவனமோ கட்ட மாட்டார்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் பேருந்து கிடையாது என்கிறார்களே, முழு நாளுக்கும் பணம் தந்திருக்கிறோம் அல்லவா?

முதல் நாளின் சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் டூர் மேனேஜர் அன்று செய்யும் பிற கெடுபிடிகளுக்கும் காரணம் விளங்கிவிடும் என்பதால் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பேருந்து ஓட்டுநரின் நேரத்தை 2006-ஆம் ஆண்டின் 561-ஆம் எண் விதிமுறை கட்டுப்படுத்துகிறது. ஒரு நாளில் அவர் 9 மணி நேரம் ஓட்டலாம்; வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அது 10 மணி நேரம் வரை நீளலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால், ஒரே மூச்சிலோ பிரித்தோ, 45 நிமிட இடைவேளை எடுத்தாக வேண்டும். இவையெல்லாம் நெடுஞ்சாலை நாட்களுக்கு உரியவை; முதல் நாளில் கழுத்தைப் பிடிப்பது வேறொரு பிரிவு. அவருக்கு ஒவ்வொரு 24 மணி நேரத்துக்குள்ளும் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு கிடைக்க வேண்டும். இரண்டு வாராந்திர ஓய்வுகளுக்கு இடையே மூன்று முறை மட்டும் அதை 9 மணி நேரமாகக் குறைக்கலாம். அதாவது, அவர் வேலையைத் தொடங்கிய நேரத்திலிருந்து 13 மணி நேரத்தில், ஓய்வைக் குறைத்தால் பொதுவாக 15 மணி நேரத்தில், பேருந்தை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும்.

அந்தக் கணக்கு நீங்கள் பேருந்தில் ஏறும் நொடியில் தொடங்குவதில்லை. காலை எட்டு மணி விமானத்துக்காக அவர் ஏழு மணிக்கே பணிமனையிலிருந்து புறப்பட்டிருப்பார். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால், நிறுத்துமிடத்தில் அவர் வெறுமனே காத்திருந்த அந்த நேரமும் 24 மணி நேரக் கணக்கில் கரைந்துகொண்டேதான் இருக்கும். ஏழு மணிக்குத் தொடங்கியவருக்கு இரவு எட்டு மணியோடு 13 மணி நேரம் முடிகிறது. குறைக்கப்பட்ட ஓய்வைப் பயன்படுத்தினாலும் பத்து மணியோடு முடிகிறது. ஜூன் மாதக் கடைசியில் பாரிஸில் சூரியன் மறைவதே பத்து மணியை ஒட்டித்தான். ஆகவே கோடையில் 'முதல் நாள் இரவு விளக்கொளியில் பாரிஸ்' என்று அச்சிட்டுவிட்டு, காலையிலிருந்து ஒரே ஓட்டுநரை வைத்திருக்கும் நிறுவனம், செய்வதற்கு மிகக் கடினமான ஒன்றை விற்கிறது என்றே சொல்லலாம்.

குறைக்கப்பட்ட ஓய்வைச் செலவிடாமல் பத்து மணி வரை ஓட்ட ஒரு வழி உண்டு. 11 மணி நேர ஓய்வுக்குப் பதிலாக, முதலில் குறைந்தது 3 மணி நேரம், பிறகு குறைந்தது 9 மணி நேரம் என்று இரண்டாகப் பிரித்து எடுக்க விதி இடம் தருகிறது. பிற்பகலில் உங்களை விடுதியில் இறக்கிவிட்டு மூன்று மணி நேரம் பேருந்து அசையாமல் நிற்பதன் காரணம் இதுவாக இருக்கலாம். அந்த நேரத்தில் "சும்மாதானே நிற்கிறது, கடைவீதி வரை கொண்டு விடச் சொல்லுங்கள்" என்று கேட்டு அவர் இசைந்தால், மாலைப் பயணம் பறிபோகும். பேருந்து ஐந்து நிமிடம் ஓடினாலும் ஓய்வு முறிந்துவிடும்.

இத்தனையையும் டேக்கோகிராஃப் என்னும் கருவி ஓட்டுநரின் அட்டையில் பதிந்துகொண்டே இருக்கும். சாலையோரம் காவலர்கள் நிறுத்தினால், அன்றைய பதிவோடு அதற்கு முந்தைய 56 நாட்களின் பதிவையும் அவர் காட்ட வேண்டும். மீறினால் அவருக்கும் அவரது நிறுவனத்துக்கும் தண்டனை உண்டு. பேருந்தை அங்கேயே நிறுத்தி வைக்கவும் அதிகாரிகளால் முடியும். "நூறு யூரோ கூடுதலாகத் தருகிறோம்" என்ற பேச்சுக்கு அவர் சிரித்துவிட்டு நகர்வது இதனால்தான்.

இன்னொரு விளைவையும் சேர்த்துப் பாருங்கள்: இன்று இரவு பத்து மணிக்குப் பேருந்து நின்றால், நாளைக் காலை ஏழு மணிக்கு முன்பு அது புறப்படாது. விடியற்காலையில் கிளம்பி பிரஸ்ஸல்ஸ் போய்விடலாம் என்ற யோசனையும் முதல் நாள் இரவின் உலாவும் ஒன்றாக நடக்காது.

ஈஃபிள் கோபுரத்தை முதல் நாளே பார்த்துவிட வேண்டுமா?

குழுவுக்கு எந்த நேரத்துக்கு நுழைவுச் சீட்டு கிடைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோபுரத்தின் உயரம் 330 மீட்டர். பெரும்பாலான குழுக்கள் ஏறுவது ஏறக்குறைய 116 மீட்டர் உயரத்திலுள்ள இரண்டாம் தளம் வரை. நெரிசலாலோ காற்றாலோ உச்சியை மூடிவிடுவதும் உண்டு. ஊரை அடையாளம் கண்டு ரசிக்க இரண்டாம் தளமே ஏற்றது என்பது என் கருத்து; 276 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் வீடுகள் சாம்பல் நிறத் திட்டுகளாகிவிடும். பொழுது சாய்ந்த பிறகு ஒவ்வொரு மணிக்கும் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் கோபுரம் முழுதும் மின்னும். அதைப் பார்க்கக் கோபுரத்தின் மேல் நிற்பதை விட எதிர்க்கரையிலுள்ள த்ரோகாதெரோ மேடையில் நிற்பது நல்லது.

முதல் மாலைக்கு மிகப் பொருத்தமானது செய்ன் நதிப் படகு என்றே சொல்வேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்தபடியே லூவர், நோத்ர் தாம், பாலங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். வீங்கிய கால்களுக்கு வேலை இல்லை, முகத்தில் காற்றடிப்பதால் உறக்கமும் வராது. நோத்ர் தாம் தேவாலயம் 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. முதல் நாள் செவ்வாய்க்கிழமையாக அமைந்தால் லூவர் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதையும் கவனியுங்கள்.

'பாரிஸ் விடுதி' என்றார்கள். சன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலை தெரிகிறதே?

குழுச் சுற்றுலா விடுதிகள் பெரும்பாலும் ருவாஸி, மார்ன் லா வாலே போன்ற புறநகர்ப் பகுதிகளில்தான் இருக்கும். நகர நடுவில் ஒரே சமயத்தில் இருபத்தைந்து அறைகள் கிடைப்பதும், தெருவில் பேருந்தை நிறுத்துவதும் கடினம், வாடகையும் மிகுதி. இது ஏமாற்று அல்ல. ஆனால் முன்பே சொல்லாதது குறைதான். பணம் கட்டும்போது விடுதியின் பெயரைக் கேட்டு, அருகிலுள்ள ரயில் நிலையம் எவ்வளவு தொலைவு என்று நிலப்படத்தில் பார்த்துக்கொண்டால், பேருந்து இல்லாத மாலை நேரத்தில் நீங்களாகவே போய்வர முடியுமா என்பது தெரிந்துவிடும். சில நகரங்களில் பேருந்து நடுவூருக்குள் நுழையவே இயலாது, ஆம்ஸ்டர்டாமில் 7.5 டன்னுக்கு மேற்பட்ட சுற்றுலாப் பேருந்துகளுக்கு 2024 முதல் நகர மையத்தில் அனுமதி இல்லை.

அறையில் எவற்றை எதிர்பார்க்கலாம்?

சிறிய அறையை எதிர்பாருங்கள். மின்தூக்கியில் இரண்டு பேர், இரண்டு பெட்டி நுழைந்தால் நிறைந்துவிடும். இரட்டைக் கட்டில் என்பது அருகருகே ஒட்டிப் போட்ட இரண்டு ஒற்றைக் கட்டிலாக இருக்கும். மூன்றாவது ஆளுக்கு மடக்குக் கட்டில். மின்விசிறி இருக்காது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். வெந்நீர்க் கெண்டி இல்லாத அறைகளும் உண்டு என்பதால், காலையில் காபி இல்லாமல் கண் திறக்காதவர்கள் சிறு கெண்டி ஒன்றைக் கொண்டு வரலாம்.

மின்சாரம் நம் ஊரைப் போலவே 230 வோல்ட். கைப்பேசிச் சார்ஜரின் மெல்லிய இரு முனைப் பிளக் பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி எங்கும் பொருந்தும். மூன்று முனைப் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும்; பிரான்சுக்கென்று வாங்கும் பருத்த வட்ட அடாப்டர் சுவிட்சர்லாந்தின் அறுகோணக் குழிக்குள் நுழையாது என்பதால், எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஒன்றை வாங்குவதே சிக்கனம்.

முதல் நாள் இரவு நம் சாப்பாடு கிடைக்குமா?

இந்தியக் குழுக்களுக்கு மாலை ஆறரை, ஏழு மணியளவில் இந்திய உணவகத்தில் இரவு உணவு ஏற்பாடாகியிருக்கும். வட இந்தியச் சமையல், சோறு, பருப்பு, ஒரு பொரியல் என்ற அளவில் இருக்கும். சைவம், வெங்காயம் பூண்டு சேர்க்காதது போன்ற வேண்டுகோள்களைப் புறப்படும் முன்பே எழுதிக் கொடுத்தால்தான் முதல் இரவில் அவை நடக்கும். பிரெஞ்சு உணவகத்தில் சாப்பிட்டால், ஒரு 'காராஃப்', அதாவது குடுவை, தண்ணீர் என்று கேளுங்கள். உணவோடு குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். 'தண்ணீர்' என்று மட்டும் கேட்டால் விலையுள்ள பாட்டில் வந்து நிற்கும்.

மாலை உங்கள் வசம் விடப்பட்டிருந்தால் லா சப்பலுக்குப் போகலாம். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வடக்கே, ஃபோபூர் சன் தெனி தெருவை ஒட்டி, 1980-கள் முதல் இலங்கைத் தமிழர்கள் வந்து குடியேறி உருவாக்கிய கடைவீதி அது. இடியாப்பம், கொத்து ரொட்டி, தோசை, தமிழ்ப் பெயர்ப்பலகை என்று எல்லாம் உண்டு. அருகிலுள்ள பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் இறுதியை ஒட்டி அந்தக் கோயிலின் தேர் பாரிஸ் தெருக்களில் இழுக்கப்படும் நாளில் உங்கள் பயணம் அமைந்தால், அன்று ஈஃபிள் கோபுரத்தை மறுநாளைக்குத் தள்ளிப் போடுவதில் தவறில்லை.

பேருந்தில் கழிப்பறை இருக்குமா?

பல பேருந்துகளில் இருக்கும். அவசரத்துக்கு மட்டும் என்று பூட்டியும் வைத்திருப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சாலையோர ஓய்விடங்களில் நிறுத்துவார்கள் என்பதால் அது பெரிய குறை அல்ல. ஒரு யூரோ, ஐம்பது சென்ட் நாணயங்களை முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் நெடுஞ்சாலைக் கழிப்பறைகளில் ஒரு யூரோ கட்டணம், அதே மதிப்புக்கு அங்கேயே கடையில் பயன்படுத்தச் சீட்டு ஒன்றும் தருவார்கள்.

பணத்தை எப்படி வைத்துக்கொள்வது?

அட்டையில் யூரோ ஏற்றிக்கொண்டு, கையில் சிறு தாள்களாக நூறு, இருநூறு யூரோ வைத்திருந்தால் முதல் நாளுக்குத் தாராளம். கடையில் அட்டையைத் தேய்க்கும்போது "ரூபாயில் எடுக்கவா, யூரோவில் எடுக்கவா" என்று இயந்திரம் கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த மாற்று விலைதான்.

ஜேப்படிக்காரர்களைப் பற்றி இவ்வளவு பயமுறுத்துகிறார்களே?

பயப்படத் தேவையில்லை, கவனம் தேவை. ஈஃபிள் கோபுர வளாகம், சாக்ரே கேர் தேவாலயப் படிகள், மெட்ரோ ரயில் ஆகியவை அவர்களின் வழக்கமான களங்கள். கையெழுத்துக் கேட்டுக் காகிதம் நீட்டுபவர், மணிக்கட்டில் நூல் கட்ட வருபவர், கீழே மோதிரம் கிடந்ததாகக் காட்டுபவர் ஆகியோரிடம் நின்று பதில் சொல்வதே தவறு, நடந்துகொண்டே இருங்கள். அடித்துப் பறிப்பது அரிது, கவனத்தைத் திருப்பி எடுப்பதே தொழில். பயணக் களைப்போடு கூட்டமாக நின்று அண்ணாந்து பார்க்கும் முதல் நாள் பயணி அவர்களுக்கு எளிய இலக்கு.

எத்தனை மணிக்கு உறங்கலாம்?

கோடையில் பாரிஸ் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம். இலங்கைக்கும் இதே கணக்குத்தான். கோடையில் அங்கே மாலை ஆறு மணி என்றால் உங்கள் உடலுக்கு இரவு ஒன்பதரை. சாப்பாட்டு மேசையிலேயே கண் சொருகும். அப்போது படுத்தால் அதிகாலை இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். ஒன்பதரை மணி வரை எப்படியாவது தாக்குப்பிடிக்க வேண்டும். மாலை வெளிச்சத்தில் நடப்பது அதற்குப் பெரிதும் உதவும், ஏனெனில் மாலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பகலில் உறங்கியே ஆக வேண்டுமென்றால் அரை மணி நேரத்தோடு எழுந்துவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களும், வேளை தவறாமல் மருந்து எடுப்பவர்களும் இந்த மாற்றத்துக்கேற்ப எப்படி எடுப்பது என்பதைப் புறப்படும் முன்பே தம் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே போய் யூகிக்கக் கூடாது. அவசர உதவிக்கு எல்லா நாடுகளிலும் எண் 112.

ஐந்து நிமிடம் தாமதமானால் பேருந்து போய்விடுமா?

ஐந்து நிமிடத்துக்குப் போகாது. ஆனால் ஐம்பது பேர் குழுவில் ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவர் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டால் மாலையில் அரை மணி நேரம் காணாமல் போயிருக்கும்; குறித்த நேரத்துக்கு வாங்கிய சீட்டும், ஓட்டுநரின் மணிக்கணக்கும் அதற்காக நீளாது. நகர நடுவில் பேருந்து ஏற்றி இறக்க மட்டுமே நிற்க முடியும் என்பதால், பல இடங்களில் பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது, நீங்கள்தான் குறித்த முனையில் அதற்காகக் காத்திருக்க வேண்டும். டூர் மேனேஜரின் கைப்பேசி எண்ணையும், விடுதியின் முகவரி அட்டையையும் வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்திருங்கள்.

ஓட்டுநருக்கும் டூர் மேனேஜருக்கும் அன்பளிப்பு உண்டா?

உண்டு. ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று பயணக் குறிப்பிலேயே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். சில நிறுவனங்கள் முதல் நாளே மொத்தமாக வாங்கிக்கொள்ளும். கட்டணத்தில் ஏற்கெனவே சேர்த்துவிட்டார்களா என்பதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

மறுநாள் காலை கிளம்புவதற்கு இன்றே என்ன செய்து வைப்பது?

பாரிஸில் ஒரே இரவு என்றால், பெட்டியை முழுதாகப் பிரிக்காமல் நாளைய உடையை மட்டும் எடுத்து வையுங்கள். பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் ஏறக்குறைய 310 கிலோமீட்டர். பேருந்தின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரில் பூட்டப்பட்டிருப்பதால், ஒரு நிறுத்தத்தோடு நான்கு மணி நேரம் ஆகும். கடவுச்சீட்டை அறையின் பெட்டகத்தில் வைக்காமல் இருப்பது நல்லது. தினமும் ஊர் மாறும் பயணத்தில் அது அங்கேயே தங்கிவிடும். பேருந்தின் அடியிலுள்ள பெட்டிகளுக்குள்ளும் அது போகக் கூடாது. ஷெங்கன் நாடுகளுக்கு இடையே வழக்கமான எல்லைச் சோதனை இல்லையென்றாலும், ஜெர்மனி 2024 செப்டம்பரிலும் நெதர்லாந்து அதே ஆண்டு டிசம்பரிலும் தம் நில எல்லைகளில் தற்காலிகச் சோதனைகளைத் தொடங்கின. காவலர் பேருந்தில் ஏறிக் கேட்கும்போது ஐம்பது பேரின் கடவுச்சீட்டும் இருக்கையிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும்.